கப்பல் வரும் தேதி உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் சொல்லுங்கள்

எண்ணூர் காமராசர் துறைமுகத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நிலக்கரி, ஜிப்சம், சுண்ணாம்புக்கல், உரம் என்று மொத்தச் சரக்கு இறக்கும் ஆலைகளின் போக்குவரத்துப் பிரிவு அதிகாரிகளுக்கும், அந்த ஆலைகளிடம் ஒப்பந்தம் எடுத்து எங்களைப் போன்றவர்களிடம் வண்டி பிடிக்கும் டிரான்ஸ்போர்ட் முதலாளிகளுக்கும்,

வணக்கம்.

நான் மணலி புதுநகர்க்காரன். கிளீனராக வண்டி ஏறி, டிரைவராகி, பிறகு பைனான்ஸில் டாரஸ் டிப்பர் எடுத்து ஓட்டிக்கொண்டிருப்பவன். எனக்குத் தெரிந்த மட்டில் அத்திப்பட்டு, மீஞ்சூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் லாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் என்னைப் போல ஒன்றிரண்டு வண்டிக்காரர்கள்தான். அவர்கள் யாரும் என்னைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் டீக்கடையிலும் எடைமேடை வரிசையிலும் பேசிக்கொள்வது எல்லாம் ஒன்றுதான் என்பதால், அதை உங்கள் காதுக்குக் கொண்டுவர எழுதுகிறேன்.

வாடகையை ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்கும் கடிதங்கள் உங்களுக்கு நிறைய வந்திருக்கும். நான் கேட்பது வேறு. எங்களுக்குச் சீரான லோடு வேண்டும். இந்த மாதம் வண்டிக்கு இத்தனை டன் உறுதி என்று எழுத்தில் கொடுத்தால், டன்னுக்கு வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் என்னைப் போல் பலர் தயாராக இருக்கிறோம். பத்து நாள் ஓய்வில்லாமல் ஓடிவிட்டு இருபது நாள் சும்மா நிற்கிற பிழைப்பில், நல்ல வாடகை கிடைத்தும் கையில் எதுவும் தங்குவதில்லை.

இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஆனாலும் வண்டிக்காரன் பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். 55,000 டன் கரியோடு ஒரு கப்பல் பெர்த்துக்கு, அதாவது சரக்கு இறக்கும் மேடைக்கு, வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துச் சக்கர டிப்பருக்கு 2018-ல் மத்திய அரசு உயர்த்திக் கொடுத்த மொத்த எடை 28.5 டன். வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் சட்டப்படி பதினேழு, பதினெட்டு டன் ஏற்றலாம். அதாவது அந்த ஒரு கப்பல் சரக்கு முழுவதும் பத்துச் சக்கர வண்டியிலேயே போவதாக இருந்தால் 3,000 நடைக்கு மேல் வேண்டும். டிரெய்லர்களும் பெரிய டிப்பர்களும் சேர்ந்தால் இந்த எண்ணிக்கை குறையும். எப்படியும் அந்தச் சில நாட்களுக்கு வடசென்னையில் ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டி எல்லாவற்றுக்கும் வேலை உண்டு. சரக்கைக் குவித்து வைக்கும் யார்டு காலியானதும் அடுத்த கப்பல் வரை யாருக்கும் வேலை கிடையாது. ஆலையில் உலை மட்டும் தினமும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. உலைக்குத் தினமும் தேவைப்படுகிற சரக்கு எங்களுக்கு மட்டும் திடீர் வெள்ளமாகவும் திடீர் வறட்சியாகவும் ஏன் வர வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

வெளியாட்கள் எண்ணூரில் குவிந்திருக்கும் கரியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கென்னப்பா, லாரிக்கு வேலையா இல்ல?" என்று கேட்பார்கள். அந்தக் கரியில் பெரும்பகுதி எங்கள் வண்டியில் ஏறுவதே இல்லை. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் தொடங்கப்பட்டதே மின்வாரியத்தின் கரியை இறக்கத்தான். அந்தக் கரி கன்வேயர் பெல்ட்டில் நேராக வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போய்விடுகிறது. தூரத்து மின்நிலையங்களுக்கு ரேக் என்கிற சரக்கு ரயில். எங்களுக்கு வருவது பொதுப் பயன்பாட்டு முனையத்தில் தனியார் இறக்கும் கரி. கும்மிடிப்பூண்டி இரும்பாலைகளுக்கும், உள்மாவட்டங்களில் இருக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும், ஆந்திரா பக்கமும் போகிற சரக்கு அது. முன்பு இது சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. தூசு பிரச்சினையால் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2011-ல் அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வது நின்றது. ராயபுரம், காசிமேடு மக்களுக்கு அது நியாயமான விடுதலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தச் சரக்கை நம்பித் தண்டையார்பேட்டையில் ஷெட் போட்டிருந்த லாரிக்காரர்கள் ஒரே வருடத்தில் அத்திப்பட்டுப் பக்கம் குடியேற வேண்டி வந்தது. அங்கே ஏற்கெனவே நின்ற வண்டிகளோடு இந்த வண்டிகளும் சேர்ந்தன. புது இடத்தில் யாருக்கு யார் முறைப்படி லோடு கொடுப்பது என்பதற்கு ஒழுங்கு எதுவும் உருவாகவில்லை. அன்றைக்கு யாரிடம் போன் நம்பர் இருந்ததோ அவருக்கு லோடு. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் வானத்திலிருந்து குதிப்பதில்லை. இந்தோனேசியாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ அது ஏற்றும்போதே உங்கள் கொள்முதல் பிரிவுக்குத் தெரியும். எத்தனை டன், எந்த வாரம், எந்தத் துறைமுகம் என்பது ஏஜென்டுக்குத் தெரியும், கஸ்டம்ஸ் வேலை பார்ப்பவருக்குத் தெரியும், கிரேன்காரருக்குத் தெரியும். ஆலையில் ஒரு நாளைக்கு எத்தனை டன் எரியும், யார்டில் எத்தனை நாளுக்கு இருப்பு என்பதும் உங்களிடம் இருக்கிற கணக்கு. இத்தனையும் தெரிந்த பிறகு வண்டிக்காரனுக்கு மட்டும் இரவு பத்து மணிக்கு போன் வருகிறது. "அண்ணே, காலைல நாலு மணிக்கு வண்டி கேட்ல நிக்கணும்." அப்போது டிரைவர் ஊருக்குப் போயிருப்பான், டயர் ரீட்ரெடிங்குக்குப் போயிருக்கும், இல்லையென்றால் வண்டியே இரண்டு நாள் முன்பு வேறு வழியில்லாமல் குறைந்த வாடகைக்கு எம்-சாண்ட் ஏற்றப் போயிருக்கும். உங்கள் அழைப்புக்கு வராத வண்டி என்று எங்கள் பெயரில் ஒரு கரும்புள்ளி விழும். அடுத்த முறை அழைப்பு வராது.

நான் கேட்கும் முதல் உதவிக்குச் செலவே கிடையாது. அடுத்த நான்கு வாரத்துக்கு எந்தெந்தச் சரக்கு, சுமாராக எத்தனை டன், எந்தத் தேதியை ஒட்டி என்று வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஒரு தாள் போடுங்கள். தேதி தள்ளிப்போனால் தள்ளிப்போனது என்று போடுங்கள். கடல் கொந்தளிப்பு, புயல் எச்சரிக்கை, பெர்த் கிடைக்காத நெருக்கடி எல்லாம் எங்களுக்கும் புரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி பக்கம் வெள்ளத்தில் வண்டிகளை விட்டுவிட்டுப் போனவர்கள் நாங்கள். தேதி மாறுவது எங்களுக்குப் பிரச்சினை கிடையாது. தேதியே தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம்.

இரண்டாவது கோரிக்கைக்கு உங்கள் மனம் வேண்டும். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச டன்னை எழுதுங்கள். இப்போது பெரிய டிரான்ஸ்போர்ட்டருக்கும் ஆலைக்கும் இடையே ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது. அதில் ஆண்டுக்கு இத்தனை டன் என்று இருக்கும். அந்த டிரான்ஸ்போர்ட்டர் தன் சொந்த வண்டிகளுக்கு முதலில் லோடு போடுவார், மிச்சத்தைக் கமிஷன் ஏஜென்டிடம் விடுவார், ஏஜென்ட் புரோக்கரிடம் விடுவார். எங்களிடம் வரும்போது அது வெறும் வாய்வார்த்தை. ஆலைக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர். ஆலை கொடுக்கிற வாடகையில் ஒவ்வொருவரும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதைக்கூட நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பில் போடுகிறார்கள், ஆளை நிறுத்தி வேலை பார்க்கிறார்கள். என் வருத்தம் வேறு இடத்தில். ஆலை கொடுத்த உறுதி முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே இறங்குவது சுமை மட்டும்தான். அதனால் ஆலை நிர்வாகங்கள் டெண்டரிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒப்பந்தச் சரக்கில் ஒரு பங்கு ஐந்து வண்டிக்குள் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்குப் பெயர் பதிந்து, வண்டி எண் பதிந்து, குறைந்தபட்ச அளவோடு போக வேண்டும். மாதக் கணக்கு முடியாது, கப்பல் முன்னே பின்னே ஆகும் என்பீர்கள். சரி, காலாண்டுக் கணக்காக வையுங்கள். எங்கள் சாலை வரியும் காலாண்டுக்குத்தான் கட்டுகிறோம். மூன்று மாதத்தில் இத்தனை டன் குறையாது என்று தெரிந்தால் நடுவில் மூன்று வாரம் நின்றாலும் தாங்கிக்கொள்ளலாம், பைனான்ஸ்காரரிடம் தைரியமாகப் பேசலாம்.

சீரற்ற வேலை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் அடி டிரைவருக்கு விழுகிறது. இங்கே டிரைவருக்கு மாதச் சம்பளம் குறைவு, நடைக்கு இவ்வளவு என்று பேட்டாதான் அதிகம். நடை இல்லாத வாரத்தில் வீட்டில் அடுப்பெரிக்கக் காசு இருக்காது. கப்பல் வந்த வாரத்தில் விட்டதைப் பிடிக்க இரவு பகல் பாராமல் ஓட்டுவான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டது. கப்பல் வாரத்தில் எந்த டிப்பர் டிரைவர் எட்டு மணி நேரத்தில் வண்டியை விட்டு இறங்குகிறான்? திருவொற்றியூர், பொன்னேரி, பஞ்செட்டி சாலையில் அதிகாலை நேர விபத்துகளைப் பற்றிப் பேசும்போது டிரைவர் தூங்கிவிட்டான் என்று முடித்துவிடுகிறோம். அவன் ஏன் அந்த நேரத்தில் தூக்கத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தான் என்ற கேள்வி உங்கள் லோடிங் பிளானிலிருந்து ஆரம்பிக்கிறது. நான் வேலை கற்றுக்கொடுத்த பையன்களில் நல்ல கையுள்ளவர்கள் பலர் கார் ஓட்டவும் சாப்பாடு டெலிவரிக்கும் போய்விட்டார்கள். "அண்ணே, அங்க காசு கம்மிதான். ஆனா டெய்லி வருது," என்றான் ஒருவன். அவனை நிறுத்தி வைக்க என்னிடம் பதில் இல்லை.

அடுத்த அடி ஓவர்லோடு. நின்ற நாட்களுக்கான பைனான்ஸ் டியூவை ஓடுகிற நாட்களில் எடுக்க வேண்டியிருப்பதால், டன் கணக்கில் வாடகை வாங்குகிறவன் இன்னும் மூன்று டன், ஐந்து டன் என்று ஏற்றச் சொல்கிறான். லோடரும் போடுகிறார். 2019 செப்டம்பரிலிருந்து அதற்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கியும் வைக்க வேண்டும். அந்தச் சட்டப் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓட்டியவரை மட்டும் சொல்லவில்லை, அப்படி ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நாள்தோறும் சட்டப்படியான எடையில் ஒரு வண்டி ஓடினாலே டியூ கட்டி, பேட்டா கொடுத்து, வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டுபோகலாம் என்ற நிலை வந்தால் ஓவர்லோடை யாரும் விரும்பிச் செய்யமாட்டார்கள். ஆர்சி-யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், உள்ள எடைக்கு மேல் எடைச்சீட்டு அடிக்கவே கூடாது என்று உங்கள் எடைமேடையில் ஒரு கட்டுப்பாடு வைத்தால் நான் முதல் ஆளாக வரவேற்பேன்.

காத்திருப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கப்பல் குறித்த நேரத்துக்கு மேல் பெர்த்தில் நின்றால் டெமரேஜ் என்று தாமதக் கட்டணம் கட்டுகிறீர்கள். ரயில் வேகன் இலவச நேரம் தாண்டி நின்றால் ரயில்வே டெமரேஜ் வசூலிக்கிறது. அதனால்தான் கப்பலையும் ரேக்கையும் காலி செய்ய உங்கள் ஆட்கள் ஓடுகிறார்கள். லாரி நிற்பதற்கு யாரும் எதுவும் தருவதில்லை, அதனால் லாரியை நிறுத்தி வைக்க யாருக்கும் உறுத்துவதில்லை. ஆலை வாசலில் வண்டி இரண்டு நாள் நிற்கும். சரக்கைக் கொட்டும் ஹாப்பர் பழுது என்பார்கள், ஷிப்ட் மாறுகிறது என்பார்கள், சரக்கு வந்து சேர்ந்ததற்கான ஜிஆர்என் ரசீது இன்னும் போடவில்லை என்பார்கள். காத்திருந்ததற்கு ஹால்டிங் சார்ஜ் கேட்டால் ஆலை டிரான்ஸ்போர்ட்டரைக் கைகாட்டும், டிரான்ஸ்போர்ட்டர் ஆலையைக் கைகாட்டுவார். கேட்டில் நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பதிவாகிறது. குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் நின்றால் மணிக்கு இவ்வளவு என்று அந்தப் பதிவை வைத்தே பில்லில் சேர்க்கலாம். தொகை பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் கணக்கில் அது ஒரு செலவாக வந்துவிட்டாலே போதும், வண்டி நிற்பது தானாகக் குறையும். வண்டி சீக்கிரம் திரும்பினால் அதே வண்டி இன்னொரு நடை எடுக்கும். கும்மிடிப்பூண்டிக்கு ஒரே நாளில் இரண்டு நடை போகக்கூடிய வண்டி, வரிசையில் நிற்பதால் ஒரு நடைக்கே தவிக்கிறது.

கரியில் ஷார்ட்டேஜ் பிடிப்பது இன்னொரு விஷயம். நம் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியவே புரியாது. யார்டில் தூசு பறக்காமலிருக்கக் கரிமேட்டின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தெளிக்கத்தான் வேண்டும், சுற்றிலும் ஜனங்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஈரத்தோடு எடை போட்டு வண்டி கிளம்புகிறது. சித்திரை வெயிலில் ஆந்திரா போய்ச் சேருவதற்குள் தண்ணீர் கொஞ்சம் தொட்டியின் ஓரத்தில் வடிகிறது, கொஞ்சம் காய்கிறது. அங்கே எடை போட்டால் சில நூறு கிலோ குறைகிறது. அந்தக் குறைவுக்குக் கரியின் விலையை எங்கள் வாடகையில் பிடிக்கிறார்கள். நாங்கள் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போய்க் கரிக்குக் காசு கட்டுகிறோம். கரி திருட்டு நடக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். வழியில் சரக்கை இறக்கும் வண்டிகள் உண்டு. அவர்களைப் பிடியுங்கள், கறுப்புப் பட்டியலில் போடுங்கள், நாங்களே துணை நிற்கிறோம். ஆனால் அதற்கு வழி ஜிபிஎஸ்ஸும் தார்ப்பாய் சீலும். எல்லோர் வாடகையிலும் கத்தி வைப்பது இல்லை. ஏற்றும் இடத்தில் ஈரப்பதத்தைப் பரிசோதித்து எடைச்சீட்டில் எழுதுங்கள். எத்தனை சதவீதம் வரை எடை குறைந்தால் வாடகையில் பிடிக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மழைநாளில் இதே கணக்கு தலைகீழாக, இறக்கும் இடத்தில் எடை கூடும். அப்போது யாரும் எங்களுக்குக் கூடுதலாகத் தருவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

டீசலைப் பற்றி நீட்டமாட்டேன். 2021 அக்டோபரில் சென்னையில் டீசல் நூறு ரூபாயைத் தாண்டியபோது, பெரிய ஒப்பந்தங்களில் டீசல் விலையை ஒட்டி வாடகை மாறும் விதி இருந்தவர்கள் தப்பித்தார்கள். அந்த விதியின் பலன் எங்கள் கைக்கு வரவில்லை. ஆலை டிரான்ஸ்போர்ட்டருக்கு உயர்த்தும்போது அதே விகிதம் வண்டிக்காரனுக்கும், இறங்கும்போது இறக்கமும் போகட்டும்.

பாக்கிப் பணம் பற்றி, சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது என்பதை இன்னும் பல வண்டிக்காரர்களே அறியவில்லை. அதனால் இதை அவர்களும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஒரு வண்டி வைத்திருப்பவரும் அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொண்டால் குறுந்தொழில்தான், ஏனென்றால் சரக்குப் போக்குவரத்தும் சேவைத் தொழிலில் வருகிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளிலும் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம் இதற்கு இன்னொரு பிடியும் வைத்தது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. உங்கள் ஆடிட்டருக்கு இது நன்றாகவே தெரியும். எங்கள் பக்கம் இப்போது நடப்பது என்ன? அட்வான்ஸ் டீசலுக்குச் சரியாகப் போய்விடும். பாலன்ஸ் மூன்று மாதம், நான்கு மாதம் இழுக்கும். பாலன்ஸைக் கேட்டு அழுத்தினால் அடுத்த லோடு வராது. லோடு வேண்டுமென்று வாயை மூடிக்கொண்டால் பாலன்ஸ் வராது. ஒரு ஆலையின் சரக்கை எடுத்த வகையில் எனக்கே ஒரு பெரிய தொகை அடுத்த பொங்கல் வரை நின்றது. வந்தபோது அதன் பாதி ஏற்கெனவே வட்டிக்குப் போயிருந்தது. பத்து வண்டிக்குள் வைத்திருப்பவர் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்துவிட்டால் வாடகையில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை என்பதையும் உங்கள் கணக்குப் பிரிவுக்கு ஒருமுறை நினைவுபடுத்துங்கள். இன்னும் சிலர் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சீரான வேலைக்கு எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அதில் பெரியது ரிட்டர்ன் லோடு. ஆந்திராவுக்குக் கரி கொண்டுபோகும் வண்டி காலியாகத் திரும்பினால் அந்த நடையில் லாபம் இல்லை. கடப்பா பக்கம் மங்கம்பேட்டையிலிருந்து பேரைட்ஸ் என்ற கனிமம் ஏற்றுமதிக்காகச் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது. கரி கொட்டிய தொட்டியைச் சுத்தமாகக் கழுவாமல் அதை ஏற்றவே முடியாது. கரித்துகள் கலந்தால் சரக்கைத் திருப்பிவிடுவார்கள். கரி இறக்கும் ஆலையில் ஒரு தண்ணீர்க் குழாயும், வண்டி கழுவ ஒரு கான்கிரீட் தளமும், வடியும் கறுப்புத் தண்ணீரைத் தேக்கும் தொட்டியும் இருந்தால் அந்த வண்டி திரும்பும் வழியில் காசு சம்பாதிக்கும். வழியெங்கும் கரித்தூளையும் சிந்தாது. ஒரு ஆலையின் போக்குவரத்து அதிகாரியும் இன்னொரு ஆலையின் அதிகாரியும் ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டு, உங்கள் வண்டி எங்கள் பக்கம் வருகிறதே, திரும்பும்போது இதை ஏற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் இரண்டு பேருக்கும் வாடகை குறையும், எங்களுக்கும் இரண்டு பக்கமும் லோடு.

அனல்மின் நிலையச் சாம்பலிலும் வாய்ப்பு இருக்கிறது. 2021 டிசம்பர் 31-ல் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி சாம்பலை முழுவதும் பயன்படுத்தியே ஆக வேண்டும், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. உலர்சாம்பலுக்குப் பல்கர் என்கிற மூடிய தொட்டி வண்டி வேண்டும், அது எங்களிடம் இல்லை. ஆனால் தண்ணீரோடு குளத்தில் விட்டுத் தேக்கிய சாம்பலைச் சாலைப் பணிகளுக்கும் பள்ளம் நிரப்பவும் கொண்டுபோக எங்கள் டிப்பர் போதும். கப்பலை நம்பாத சரக்கு அது. மின்நிலையம் ஓடும் வரை சாம்பல் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். கரிக் கப்பல் இல்லாத வாரங்களில் பதிவு பெற்ற வண்டிகளை வரிசைப்படி சாம்பலுக்கு அனுப்பினால் எங்கள் மாதத்தின் பாதிப் பள்ளம் நிரம்பிவிடும். ஒரு நிபந்தனையை நானே வைக்கிறேன். ஈரப்படுத்தாமல், தார்ப்பாய் கட்டாமல் ஒரு வண்டியும் வெளியே போகக் கூடாது. எண்ணூர், காட்டுக்குப்பம், செப்பாக்கம் ஊர்க்காரர்கள் சாம்பலாலும் கரித்தூளாலும் பட்டது போதும். கொசஸ்தலை ஆற்றில் மீன்பிடித்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று எங்கள் வண்டியில் டிரைவர்களாக இருக்கிறார்கள். எங்கள் பிழைப்புக்காக அவர்கள் மூச்சை அடைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

சாலையோரம் வண்டி நிறுத்துவது பற்றி ஊர்க்காரர்கள் எங்கள் மேல் கோபப்படுகிறார்கள். பட்டமந்திரியிலிருந்து அத்திப்பட்டு வரை இரவில் சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன, பைக்கில் வருபவர்கள் மோதிச் சாகிறார்கள். நேரம் குறித்து டோக்கன் கொடுத்து, இந்த வண்டி எண் ஆறு மணிக்கு, இந்த வண்டி எண் எட்டு மணிக்கு என்று அழைத்தால் நாங்கள் ஏன் முந்தின ராத்திரியே வந்து நிற்கப்போகிறோம்? முதலில் வந்தவனுக்கு முதலில் லோடு என்ற பழக்கம்தான் எங்களைச் சாலையில் நிறுத்துகிறது. துறைமுக நிர்வாகமும் ஆலைகளும் சேர்ந்து ஒரு நிறுத்துமிடம் அமைத்து, குளிக்க, கழிப்பறை போக, ஒரு தட்டு சோறு சாப்பிட வசதி செய்தால் அது டிரைவர்களுக்குச் செய்யும் மரியாதை. டோக்கனுக்கோ நிறுத்துமிடம்கூட வேண்டாம், ஒரு போன் இருந்தால் போதும்.

சின்ன வண்டிக்காரனை நம்பி உறுதி கொடுத்தால் அவன் சொன்ன நாளில் வருவானா என்று நீங்கள் தயங்குவது எனக்குத் தெரியும். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பக்கத்து ஜில்லாவில் நாற்பது ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள் என்றதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் எங்களில் உண்டு. ஆகவே உறுதி இரண்டு பக்கமும் இருக்கட்டும். பதிவு செய்த வண்டி குறித்த நாளில் வரவில்லையென்றால் அந்தக் காலாண்டில் அவனுக்கான குறைந்தபட்ச அளவில் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை தவறினால் பட்டியலிலிருந்து எடுங்கள். ஜிபிஎஸ் போடச் சொன்னால் போடுகிறோம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எடுக்கும் எஃப்சி எனும் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாம் நடப்பில் இல்லாமல் உங்கள் கேட்டுக்குள் ஒரு வண்டியும் நுழையாது. ஒருவன் வண்டி பழுதானால் அதே நாளில் இன்னொருவன் வண்டியை அனுப்பும் அளவுக்கு ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு குழுவாக வருகிறோம். ஒரே பில், ஒரே பொறுப்பாளர்.

எல்லா ஆலைகளும் எல்லாச் சரக்கிலும் நாளைக்கே மாற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு ஆலை, ஒரு சரக்கு, ஒரு காலாண்டு போதும். தை பிறந்ததும் மழை விட்டிருக்கும், செங்கல் சூளைகளும் கட்டுமானமும் வேகம் பிடித்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு இதற்குத் தோதானது. நான்கு வார முன்னறிவிப்புத் தாள், வண்டிக்குக் குறைந்தபட்ச டன், மணிக் கணக்கில் ஹால்டிங், 45 நாளில் பணம். இவற்றை வைத்து ஓட்டிப் பார்ப்போம். மார்ச் கடைசியில் உங்கள் எடைமேடைக் கணக்கையும் எங்கள் டீசல் பில்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டன்னுக்கு உங்கள் செலவு கூடியிருந்தால் அடுத்த காலாண்டில் பழையபடியே நடத்துங்கள்.

எந்த ஆலை முன்வந்தாலும் ஆர்சி, எஃப்சி, இன்சூரன்ஸ், உத்யம் சான்று நகல்களோடு நாங்கள் குழுவாக வந்து பேசத் தயார். கப்பல் சரக்கை நாங்கள் ஏற்றிக்கொண்டிருக்கும் நாட்களில் மட்டும் மாலை ஆறு மணிக்கு மேல் நேரம் கொடுங்கள், வண்டியை விட்டுவிட்டு வர முடியாது.

இப்படிக்கு,
மணலி புதுநகர் டிப்பர் லாரி உரிமையாளரும் டிரைவருமான ஒருவர்